நான் ஏறாத முருங்கை மரம்

என் மகளுக்கு முதன்முதலாக எலும்பு முறிந்தபோது அவள் ஓடவில்லை, ஏறவில்லை, விழவில்லை. குளித்துவிட்டு வந்தவளுக்கு என் மனைவி சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கிச் சட்டைக் கைக்குள் விட்டபோது 'டிக்' என்று ஒரு சத்தம், காய்ந்த பூவரசங் குச்சியை ஒடித்தது போல. பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதும் சில மாதங்களும்.

ஆபத்து நேரத்தில் நான் எப்படிப்பட்ட ஆள் என்பதை அன்றைக்குத்தான் அறிந்துகொண்டேன். "ஒருத்தரும் பதறாதேங்கோ!" என்று பெருங்குரலில் கத்தினேன். வீட்டில் பதறியவன் நான் ஒருவன்தான். கத்தியபடியே சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரியை நோக்கி மிதித்தேன். உரும்பிராயிலிருந்து கோண்டாவில் வரைக்கும் போன பிறகு, சைக்கிள் இவ்வளவு இலேசாக ஓடுகிறதே என்று ஒரு யோசனை வந்தது. பிள்ளையை வீட்டிலேயே விட்டுவிட்டு நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது மனைவி பிள்ளையின் கையைத் தலையணை உறையால் கழுத்தோடு கட்டி, வாடகைக் கார் ஒன்றும் பிடித்து, அதில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"எங்கை போட்டு வாறியள்?"

"றோட்டு நல்லாய் இருக்கோ எண்டு பார்க்கப் போனனான்," என்றேன்.

இப்படி ஒரு மறுமொழி எப்போதும் என் வாயில் தயாராக இருக்கும். நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். அந்தக் காலத்தில் கூப்பனோடு வருகிற சனத்திடம் சீனி இல்லை, பாண் இல்லை, மா நாளைக்குத்தான் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவன் பகிடி விடத் தெரியாதவனாக இருந்தால் அடிதான் வாங்குவான். எனக்கு அந்தக் கெட்டித்தனம் பிறவியிலேயே உண்டு என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் பிள்ளைக்கு இன்னும் மூன்று முறிவுகள். தும்மியபோது ஒரு விலா எலும்பு. பாயில் புரண்டபோது ஒரு தொடை. ஆட்டுக்குட்டி முட்டியதில் ஒரு முழங்கை. அது மட்டும்தான் நியாயமான முறிவு. நான் என் பங்குக்குக் கடையிலிருந்து வெறும் சீனிச் சாக்குகளைக் கொண்டுவந்து வாசற்படி, கதவு நிலை, கிணற்றுக் கட்டு என்று எல்லாவற்றுக்கும் சுற்றிக் கட்டினேன். வீடு பண்டசாலை போல ஆகிவிட்டது. ஒரு மனிசி கூப்பனோடு வீட்டுக்கே வந்து, "தம்பி, இனி இஞ்சையோ குடுக்கிறது?" என்று கேட்டா. பிள்ளை சிரித்தாலும் எனக்குப் பயம். "மெல்லச் சிரி, மெல்லச் சிரி" என்று கெஞ்சுவேன். அதைக் கேட்டு அவள் இன்னும் பெரிதாகச் சிரிப்பாள்.

ஊர் சிரிக்கவில்லை. ஊர் கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாவது முறிவுக்கு அனுதாபம். இரண்டாவதற்கு ஆலோசனை. மூன்றாவதற்குப் பிறகு, என் மனைவி கடைக்கு வந்தால் வரிசையில் நிற்கிற பெண்கள் கதையை நிறுத்திவிடுவார்கள். தாய்க்காரி அடிக்கிறாளாம். கோபம் வந்தால் பிள்ளையைக் கையிலே பிடித்து இழுத்தெறிகிறாளாம். என் காது கொஞ்சம் மந்தம். ஆனாலும் இந்தக் கதை மட்டும் தெளிவாகக் கேட்டது.

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நானும் ஒருநாள் கேட்டேன். "உண்மையைச் சொல்லு, நீ ஏதும் இழுத்தனியோ?" பகிடி போலத்தான் கேட்டேன்.  அன்று பின்னேரம் அவள் பிள்ளையின் சட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து, கையைத் தூக்காமலே போடக்கூடியபடி முன்பக்கம் முழுவதும் வெட்டித் திறந்து பொத்தான் வைத்துத் தைத்தாள். பதினொரு சட்டை. 

நாலாவது முறிவுக்குக் கட்டுப் போட்ட இடத்தில்தான் ஒரு டொக்டரைப் பற்றிச் சொன்னார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அடிக்கடி எலும்பு முறிகிற பிள்ளைகளையும் பெரியவர்களையும் தேடித் தேடி ஆராய்ச்சி செய்கிறார் என்று. மாதத்தில் ஒருநாள் அவருடைய அறைக்குப் போகவேண்டும்.

மெலிந்த, சிரிக்காத மனிதர். என் முதலிரண்டு பகிடிகளையும் அவர் மேசையில் விழுந்த தூசி போலப் பார்த்தார். பிள்ளையின் கை கால்களைத் தடவிப் பார்த்தார், கண் இமையை விரித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்கள் யன்னலடிக்கு வாங்கோ."

"டொக்டர், முறிஞ்சது பிள்ளைக்கு."

"தெரியும். நீங்கள் வாங்கோ."

வெளிச்சத்தில் நிறுத்தி என் கண்ணையும் விரித்துப் பார்த்தார். எனக்கும் பிள்ளைக்கும் கண்ணின் வெள்ளை, வெள்ளை இல்லை. நீலம் கொஞ்சம் கூடிப்போன வேட்டி போல இருக்கும். அதை எங்கள் வீட்டில் ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை. பெரிய இலட்சணம் என்றுதான் சொல்வார்கள். கலியாணம் பேசியபோது என் மூக்கையும் பல்லையும் மன்னித்து, அந்தக் கண்ணுக்காகத்தான் தான் ஓம் சொன்னதாக மனைவி சொல்லியிருக்கிறாள். அவளும் இப்போது எட்டி என் கண்ணைப் பார்த்தாள், கடையில் வாங்கிய சாமானைத் திருப்பிப் பார்ப்பது போல.

"சின்னனிலை உங்களுக்கு ஏதும் முறிஞ்சதோ?" என்று டொக்டர் கேட்டார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் குழப்படிக் கதைகளைக் கேட்க ஒரு படித்த மனிதர் பேனையோடு இருக்கிறார்! மூன்று வயதில் முருங்கை மரத்தில் ஏறி விழுந்து கை முறிந்தது, நாலு வயதில் கிணற்றுக் கட்டிலிருந்து பாய்ந்து கால் முறிந்தது, ஆட்டுக்கடாவில் சவாரி செய்து தோள்மூட்டெலும்பு போனது எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அவர் எழுதிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார்.

"மூண்டு வயதுப் பிள்ளை முருங்கையிலை எப்பிடி ஏறினது?"

நான் யோசித்தேன். முருங்கைக் கொப்பு காகம் இருந்தாலே முறியும். "எனக்கு நினைவில்லை டொக்டர். அண்ணை சொல்லுறவர்."

அவர் பேனையை மூடிவைத்துவிட்டு முதன்முறையாக என் மனைவியைப் பார்த்துக் கதைத்தார். "அம்மா, இது பரம்பரையாய் வாற எலும்பு வருத்தம் எண்டுதான் நினைக்கிறன். அப்பிடியெண்டால் பிள்ளையை ஒருத்தரும் முறிக்கேல்லை. தூக்கினதாலையும் இல்லை, வளத்ததாலையும் இல்லை. வளர வளர முறியிறது குறையும். ஆனால் ஆரின்ரை பகுதியாலை வருகுது எண்டு தெரிய ரெண்டு பக்கத்துப் பெரியாக்களையும் நான் விசாரிக்கவேணும்."

"அதை எழுதித் தருவியளோ?" என்று அவள் கேட்டாள். "நான் முறிக்கேல்லை எண்டதை?"

"நிச்சயமாய்த் தெரிஞ்சால் தருவன்."

அந்த ஒரு துண்டுக் கடுதாசிக்காக அவள் எவ்வளவு தூரமும் நடந்திருப்பாள். எங்கள் பக்கத்துப் பெரியவர் என்றால் அண்ணை ஒருவர்தான். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தாயும் தகப்பனும் போன பிறகு என்னை வளர்த்து, வேலையும் எடுத்துத் தந்து, கலியாணமும் செய்துவைத்தவர். என் குழப்படிக் கதைகளுக்கு அவர்தான் ஊரில் அதிகாரபூர்வப் புராணிகர். எந்தச் சடங்கிலும் அவரைச் சுற்றி நாலுபேர் இருந்தால் ஆட்டுக்கடாக் கதை வரும். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்ன தம்பி, ஓம், வாறன்," என்றார். கொஞ்சமும் யோசிக்கவில்லை. அந்த நாட்களில் அவருடைய மகளுக்குக் கொழும்பில் வேலை செய்கிற மாப்பிள்ளை ஒன்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அலைச்சலுக்குள்ளும் எனக்காக வருகிறாரே என்று நெகிழ்ந்துபோனேன்.

அடுத்த மாதம் நாங்கள் போனபோது டொக்டர் மேசையில் ஒரு பெரிய கடுதாசியை விரித்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், குடும்பம் குடும்பமாகக் கோடு இழுத்து வைத்திருந்தார். பெயர்கள் இல்லை, இலக்கங்கள்தான். நோய் உள்ளவர்களுக்கு உள்ளே கறுப்பு மை. கீழே என் மகளின் சின்ன வட்டம் கறுத்துக் கிடந்தது. என் பக்கம் முழுவதும் வெள்ளை. என் சதுரத்துக்குள் மட்டும் ஒரு கேள்விக்குறி. மனைவியின் பக்கத்தில் மேலே ஒரு வட்டமும் அதற்குப் பக்கத்தில் ஒரு சதுரமும் கறுப்பு.

"டொக்டர், இது ஆர்?" என்று அவள் அந்த வட்டத்தைத் தொட்டாள்.

"உங்கடை அம்மா. முதுகெலும்பு நொருங்கிக் கூன் விழுந்தவவாம். உது தாய்மாமன், காலெலும்பு முறிஞ்சு படுக்கையாய்க் கிடந்தவராம்."

"ஆர் சொன்னது?"

"இவரின்ரை தமையன். போன கிழமை தனிய வந்தவர். தங்கடை பக்கத்திலை ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை எண்டு சொன்னவர். நீங்கள் அனுப்பினனீங்கள் எண்டெல்லோ நினைச்சனான்?"

மாமியாருடைய கூன், நாற்பது வருடம் மிளகாய்த் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கி வந்த கூன். தாய்மாமன் வண்டிலிலிருந்து விழுந்ததை ஒரு ஊரே பார்த்தது. மனைவி இதையெல்லாம் டொக்டருக்குச் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

"இனி என்ரை அம்மாவும் சேர்ந்து பிள்ளையை முறிச்சிட்டா."

நான் இறங்கின கையோடு அண்ணையின் தோட்டத்துக்குப் போனேன். அவர் வெங்காயப் பாத்திகளுக்கு மாறி மாறித் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கோபம் அவரைக் கண்டதும் பாதியாகிவிட்டது. இருபது வருடம் சோறு போட்ட கையில் மண்வெட்டியும் இருந்தது.

"அண்ணை, டொக்டரிட்டை என்ன சொன்னனீங்கள்?"

"எடேய், மெல்லக் கதை. பக்கத்துத் தோட்டத்திலை ஆக்கள்."

"எங்கடை பக்கத்திலை ஒண்டும் இல்லையெண்டால் எனக்கு ஏன் உந்தளவு முறிஞ்சது?"

அவர் மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்தார், அடுத்ததை வெட்டிவிட்டார். 

"நீ ஒரு மரத்திலையும் ஏறேல்லையடா," என்றார்.

எனக்கு ஐந்து வயதாகுமுன் ஏழு தடவை முறிந்ததாம். ஒருதரம் பாயில் படுத்தபடி. ஒருதரம் அம்மா எண்ணெய் வைக்கும்போது. எங்கள் தகப்பனார், ஐயாவுக்கும் அப்படித்தானாம். அவருக்கு நாற்பது வயதில் காது கேளாமல் போனதும் இதனோடு வந்ததுதான் என்று வைத்தியர் ஒருவர் சொன்னாராம். ஐயாவின் தங்கை ஒருத்திக்கு இதனாலேயே கலியாணம் குழம்பியதாம். அதற்குப் பிறகு ஐயா வீட்டில் ஒரு சட்டம் போட்டார்: வெளியில் மூச்சு விடக்கூடாது. முறிவு வைத்தியத்துக்குக்கூட மூன்று மைல் கட்டை தள்ளி, எங்களைத் தெரியாத ஊரில் ஒருவரிடம்தான் அண்ணை என்னைச் சுமந்துகொண்டு போவாராம்.

"ஆக்கள் கேட்டால் என்ன சொல்லுறது? பெடியன் பொல்லாத குழப்படி எண்டு சொல்லச் சொல்லி ஐயா சொன்னார். கதையள் நான்தான் கட்டினது." அந்த நேரத்திலும் அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை. "ஆட்டுக்கடா முழுக்க என்ரை கதை."

நான் வரம்பில் இருந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் முதல்நாளே வாத்தியார், "உவன்தான் முருங்கையிலை ஏறினவன்" என்று சொல்லி என்னை முன்வாங்கில் இருத்தினார். வகுப்பில் எது காணாமற்போனாலும் எனக்குத்தான் அடி. அடி வாங்கிய பிறகு, பெயருக்கு ஏற்றபடி நடக்கவேண்டாமா என்று குழப்படி செய்யத் தொடங்கினேன். பகிடி பழகினேன். அந்தப் பகிடியில் வேலை பார்த்தேன், பெண் கட்டினேன். எல்லாவற்றுக்கும் அத்திவாரம், அசையாமல் பாயில் கிடந்த ஒரு நோஞ்சான் பிள்ளையைப் பற்றி ஒரு பதினைந்து வயதுப் பெடியன் சொன்ன பொய். மற்றவர்களுடைய அண்ணைமார் காணியைத்தான் ஏமாற்றி எடுப்பார்கள். என்னுடையவர் எனக்கு ஒரு ஆளையே பொய்யாகச் செய்து தந்திருந்தார்.

"சரி, அது போகட்டும். என்ரை மனிசியின்ரை பகுதியை ஏன் இழுத்தனீங்கள்?"

"வேறை ஆரைச் சொல்லுறது? என்ரை பிள்ளையின்ரை சம்பந்தம் குழம்பப் பாக்கிறதோ? அவள் வெளியிலை இருந்து வந்தவள்தானே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளை பகுதி ஊருக்குள்ளை விசாரிக்க வருவினம். உன்ரை கடைக்கும் வருவினம். உன்னை நம்பித்தான் தம்பி இருக்கிறன்."

என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? அடுத்த நாள் மனைவிக்குத் தெரியாமல் தனியாக டொக்டரிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை எக்ஸ்றே எடுத்துப் பார்த்தார், கவட்டை போன்ற ஒரு இரும்பைத் தட்டிக் காதோரம் பிடித்துப் பார்த்தார். பழைய முறிவுகள் எல்லாம் படத்தில் முடிச்சு முடிச்சாக இருந்தன. பிறகு அவர் சொன்னதுதான் என்னை நாற்காலியிலிருந்து எழும்பவைத்தது.

"உங்கடை தமையன் வந்தண்டைக்கு அவரையும் சோதிச்சுப் பார்த்தனான். அவரின்ரை கண்ணிலையோ எலும்பிலையோ ஒண்டும் இல்லை. இந்த வருத்தம் இல்லாதவராலை அவரின்ரை பிள்ளையளுக்கு வராது. மகள் பயமில்லாமல் கலியாணம் கட்டலாம்."

அப்படியென்றால் பொய்யே தேவைப்படவில்லை! இதைவிட நல்ல செய்தி ஒன்றை நான் என் வாழ்க்கையில் அண்ணைக்குக் கொண்டுபோனதில்லை. அவர் கேட்டார், தலையாட்டினார்.

"டொக்டர் சொல்லுவார். மாப்பிள்ளை பகுதி டொக்டரையோ பாக்கும்? பகுதியைத்தான் பாக்கும். நீ பேசாமல் இரு."

நானும் பேசாமல் இருந்தேன். வீட்டிலும் பேசவில்லை. சோறு போட்ட அண்ணைக்கும் சோறு போடுகிற மனைவிக்கும் நடுவில், தட்டைப் பார்த்துக்கொண்டு மூன்று கிழமை சாப்பிட்டேன்.

மூன்றாவது கிழமை கடைக்குச் சால்வை போட்ட ஒரு பெரியவர் வந்தார். மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். கையில் போத்தில் இல்லை. சம்பந்தம் விசாரிக்க வந்தவர் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. வரிசையில் மூன்று பெண்கள் நின்றார்கள். பெரியவர் ஒதுங்கி வந்து, அண்ணையின் வீடு இருக்கிற ஒழுங்கையைக் கையால் காட்டினார்.

"உந்தக் கடைசி வளவுக்காரர் எப்பிடி ஆக்கள், தம்பி? பிள்ளை நல்ல பிள்ளையாம். ஆனால் பொம்பிளையின்ரை சித்தப்பா வீட்டிலை ஒரு குழந்தைக்கு ஓயாமல் எலும்பு முறியுதாமே."

"அப்பிடியோ?" என்றேன். பருப்பை நிறுக்கத் தொடங்கினேன். யாரும் பருப்புக் கேட்கவில்லை.

"அது அந்தத் தாய்க்காரியின்ரை பகுதியாலை வந்தது எண்டு பொம்பிளையின்ரை தகப்பனார் சொல்லுறார். அவளும் பிள்ளைக்குக் கை நீட்டுற பொம்பிளையாம். உண்மையோ?"

என் வாயில் மூன்று பகிடிகள் வந்து நின்றன. மூன்றும் நல்ல பகிடிகள். எதைச் சொல்லியிருந்தாலும் அவர் சிரித்துக்கொண்டு போயிருப்பார், சம்பந்தமும் நடந்திருக்கும். நிறுத்த பருப்பைப் பை இல்லாமலே மேசையில் கொட்டினேன்.

"ஐயா, அந்தச் சித்தப்பா நான்தான்."

"பகிடி விடாதையும் தம்பி."

"பகிடி இல்லை. என்ரை கண்ணைப் பாருங்கோ." சட்டைக் கையை மடித்து வளைந்த முழங்கையைக் காட்டினேன். "இது எங்கடை ஐயாவிலை இருந்து எனக்கு வந்தது, என்னிலை இருந்து என்ரை பிள்ளைக்கு வந்தது. என்ரை மனிசி பிள்ளைக்கு ஒருநாளும் கை நீட்டினதில்லை. அவவின்ரை பகுதியிலை ஒருத்தருக்கும் இந்த வருத்தம் இல்லை. அண்ணைக்கும் இல்லை, அதாலை பொம்பிளைக்கு வராது. டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன், நீங்களே கேளுங்கோ."

அவர் நெடுநேரம் என் கண்ணைப் பார்த்தார். "நல்லது தம்பி," என்று சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு போனார். வரிசையில் நின்ற மூன்று பெண்களும் அன்றைக்குச் சாமான் வாங்காமலே வீட்டுக்குப் போனார்கள். கூப்பன் சாமானை விடப் பெறுமதியானது அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

சம்பந்தம் ஒரு கிழமைக்குள் நின்றது. டொக்டரைக் கேட்க யாரும் வரவில்லை. அண்ணை என் வீட்டுப் படலையடிக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"என்னைக் காட்டிக் குடுத்திட்டாய்," என்றார்.

அவருக்குச் சொல்லவென்று அதே வசனத்தை நான் நாட்கணக்காக வாயில் வைத்திருந்தேன். அவர் முந்திவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைத்ததில்லை. அடுத்த வருடம் மகளுக்கு வேறு இடத்தில் நல்லபடி கலியாணம் நடந்தது, எங்களுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், தட்டுமுட்டுச் சாமான்களைத் தவிர அவர்கள் வீட்டில் ஒன்றும் உடைவதில்லை என்று கேள்வி.

கடையில் நடந்தது நான் வீட்டுக்குப் போகுமுன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி என்னை இருத்திவைத்து, சொன்னதைச் சொன்னபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். திரும்பவும் ஒருதரம் சொல்லச் சொன்னாள்.

"பகிடி ஒண்டும் சேர்க்காமலோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

"எவ்வளவு நாளாய் உங்களுக்குத் தெரியும்?"

இதற்கும் ஒரு மறுமொழி வாயில் இல்லாமல் இல்லை. "மூண்டு கிழமை," என்றேன்.

"மூண்டு கிழமை," என்று அவளும் சொன்னாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் பிள்ளையிடம் போனாள். அவள் கோபித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் டொக்டரிடம் போனபோது அவள்தான் முதலில் வாய் திறந்தாள். அம்மாவின் வட்டத்தை அழிக்கச் சொன்னாள். மையை அழிக்க முடியாது என்று அவர் வேறு கடுதாசி எடுத்தார். அவள் உட்காரவில்லை. அவர் கோடுகளை இழுத்து முடிக்கும்வரை மேசையருகே நின்றாள். தன் அம்மாவும் மாமாவும் வெள்ளையாக இருப்பதைப் பார்த்தாள். ஐயாவின் சதுரம் கறுத்தது. என் சதுரத்தை டொக்டர் இலேசாகத் தீட்டிவிட்டுப் பேனையை வைக்கப் போனார்.

"வடிவாய்க் கறுப்பாக்குங்கோ, டொக்டர்," என்றாள்.

அந்த மனிதர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு அவள் கேட்ட துண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் வாசித்துப் பார்த்து, இரண்டாக மடித்து, கைப்பைக்குள் வைத்தாள். வழியில் என்னிடம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு மனிசி திரும்பி, பிள்ளையின் காலில் இருந்த மாவுக்கட்டைப் பார்த்தா. இது புது முறிவு, ஐந்தாவது.

"ஐயோ, காலிலை என்ன? தாய் பார்த்து வைச்சிருக்கிறேல்லையோ, பிள்ளை?"

"தேப்பன்ரை பகுதியாலை வந்தது," என்றாள் என் மனைவி. பஸ் முழுவதும் கேட்கக்கூடிய குரல். "இவர்தான் தேப்பன்."

மனிசி என்னைப் பார்த்தா. பின்சீற்றில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஓம்," என்றேன். "என்னாலைதான்."

மனைவி யன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, பிள்ளையின் கட்டுப் போட்ட காலை மெதுவாகத் தூக்கி என் மடியில் வைத்தாள்.